கால் மணி நேர நாடகமும் அனுப்பர்பாளையத்து மொட்டை மாடியும்

எங்கள் பக்கம் நாடகம் என்றால் விடிய விடிய நடக்க வேண்டும். சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கத்து ஊர்களில் நோம்பிக்குக் கூத்து வைத்தால் ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் மத்தளச் சத்தம் கேட்கும். வேஷம் கலைக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பாயும் போர்வையும் எடுத்துப்போய், நடுவில் ஒரு தூக்கம் போட்டு, “கர்ணன் சாகறப்ப எழுப்பியுடு” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவைத்துப் பார்க்கலாம். கதை எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டு மணி நேரம் அசந்துவிட்டாலும் ஒன்றும் நட்டமில்லை.

இன்றைய குறுநாடகம் இதற்கு நேர் எதிர். பத்து நிமிஷம், கால் மணி, மிஞ்சினால் அரை மணி. கதை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. செருப்பைத் தேடக் குனிந்து நிமிர்ந்தால் அதற்குள் முக்கியமான காரியம் நடந்து முடிந்திருக்கும். “இதுக்கா இத்தன தூரம் பஸ் ஏறி வந்தோம்?” என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுப்பதைக் கோவை அரங்குகளில் கேட்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நமக்குப் பார்க்கிற பழக்கம் கூத்திலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தது. இரண்டுமே எல்லாவற்றையும் தாமே செய்து காட்டிவிடும். குறுநாடகமோ பாதி வேலையை நம் தலையில் கட்டிவிட்டு விளக்கை அணைத்துவிடும்.

அந்தப் பாதி வேலையைப் பழகிக்கொள்ள நாங்கள் கண்ட வழி, நாடகத்தை வாய்விட்டுப் படிப்பது. மனசுக்குள் படிப்பது இதில் சேராது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை பொழுதோட ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் அய்யா, ஒரு கல்லூரிப் பெண், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், எங்கள் கம்பெனி செக்கிங் பிரிவு அக்கா, சிங்கர் டெய்லர் ஒருவர் என்று கலவையான கூட்டம். நடிப்பு யாருக்கும் வராது, நடிக்கவும் விடுவதில்லை. சீட்டுக் குலுக்கிப் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு, ஜெராக்ஸ் தாளோடு உட்கார்ந்து படிப்போம், அவ்வளவுதான். ஒரே ஒரு ஆள் மட்டும் வசனம் எதையும் தொடாமல் மேடைக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். ‘எழுந்து சன்னலருகே போகிறாள்’, ‘மௌனம்’, ‘விளக்கு மங்குகிறது’ என்று. யாருக்கும் வேண்டாத சீட்டாக இருந்த அந்த வேலைக்குத்தான் இப்போது போட்டி.

ஏன் என்பதற்கு ஒரு நாடகத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் 1965-ல் எழுதிய ‘கம் அண்ட் கோ’. பெக்கெட் 1989-லேயே காலமாகிவிட்டார், சமகாலத்தவர் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் இன்று குறுநாடகம் எழுதுகிற பலரும் அவர் வெட்டிய கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். முழு நாடகத்திலும் பேசப்படும் சொற்கள் நூற்றுச் சொச்சம். வசனத்தைவிட மேடைக் குறிப்பு நீளம். சாய்மானம் இல்லாத குறுகலான பெஞ்சு, வயது சொல்ல முடியாத மூன்று பெண்கள், முகத்தில் நிழல் விழும்படியான தொப்பி, நடக்கிற காலடி கேட்கவே கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார்.

நடப்பது இதுதான். நடுவில் இருப்பவள் எழுந்து இருட்டுக்குள் போகிறாள். மிச்சமிருக்கும் இருவரில் ஒருத்தி நகர்ந்து நடுவிடத்துக்கு வந்து, மற்றவள் காதில் ஏதோ சொல்கிறாள். கேட்டவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவளுக்கு இது தெரியாதா என்று கேட்கிறாள். தெரியாமலே இருக்கட்டும் கடவுளே என்று பதில். போனவள் திரும்பி வருகிறாள். அடுத்தவள் எழுந்து போகிறாள், மறுபடி அதே காரியம். பிறகு மூன்றாமவள். ஆக, மூவருக்கும் ஏதோ பெரிய கேடு காத்திருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் மற்ற இருவர் விஷயம் தெரியும், தன் விஷயம் தெரியாது. கடைசியில் மூவரும் பள்ளிக்கூட நாட்களில் செய்தது போலக் கைகளைக் கோத்துக்கொள்கிறார்கள்.

கல்லூரிப் பெண் இதை எங்களுக்காகத் தமிழில் எழுதி எடுத்துவந்தாள். முதல் தடவை படித்தபோது இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. “அவ்வளவுதானா?” என்றார் டெய்லர். அப்புறம் போஸ்ட் மாஸ்டர் அய்யா, “குறிப்பையும் வசனம் மாதிரிப் படிக்கோணும், சித்த பொறுங்க” என்று சொல்லி, ஒவ்வொரு மௌனத்துக்கும் தாளைக் கீழே இறக்கி, நிமிர்ந்து பார்த்து, மறுபடி எடுத்தார். காதில் சொல்கிற இடம் வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று பெக்கெட் எழுதவில்லை. கல்லூரிப் பெண் சும்மா பாவனை காட்டாமல், செக்கிங் அக்காவின் காதில் நிஜமாகவே ஏதோ சொன்னாள். அக்கா வாயிலிருந்து வந்த “ஐயோ” தாளில் இருந்து வந்த ‘ஐயோ’ இல்லை. மாடியில் யாரும் அசையவில்லை. கீழே வீதியில் பாத்திரக் கடைக்காரர் ஷட்டர் இழுக்கிற சத்தம் மட்டும்.

படித்து முடித்த பிறகு அத்தனை பேரும், “என்ன கண்ணு சொன்னே?” என்று துளைத்தோம். அவள் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. இன்றுவரை தெரியாது. அக்கா மட்டும் வேறொன்று சொன்னார்: “எங்க டேபிள்ல தெனமும் நடக்கறதுதானுங்க இது. ஒருத்தி தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போனா, மத்த ரெண்டு பேரும் அவளப் பத்தித்தான் பேசுவோம். நான் எந்திரிச்சா என்ன பேசுவாங்கன்னு இத்தன நாளா நெனச்சுப் பாத்ததில்லீங்க.”

பெக்கெட்டைப் பற்றி வாசித்த கட்டுரைகள் எதிலும் இந்த நாடகம் இப்படி எனக்குத் திறந்ததில்லை. என்ன நோய், யாருக்கு எத்தனை நாள் என்று துப்புத் துலக்கிக்கொண்டே பார்த்தால் நாடகம் கையில் சிக்காது. காதில் சொன்னது கேட்காததுதான் அங்கே நடக்கிற சம்பவம். குறுநாடகம் பார்க்கும்போது ‘அடுத்து என்ன’ என்ற கேள்வியைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடலாம். ‘முதல் நிமிஷத்தில் இருந்ததில் எது இப்போது மாறியிருக்கிறது’ என்பதை மட்டும் கையில் வைத்திருந்தால் போதும்.

பின்பு ஒரு மே தினக் கூட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ‘மெஷின்’ நாடகத்தைத் தமிழில் போட்டார்கள். சஃப்தர் ஹஷ்மி இருந்த டெல்லி நாடகக் குழுவான ஜன நாட்டிய மஞ்ச் 1978-ல் தெருவுக்குக் கொண்டுவந்த முதல் நாடகம் அது. பதிமூன்று நிமிஷம் போலத்தான் ஓடும். ஒரு தொழிற்சாலையில் சைக்கிள் நிறுத்த இடமும் டீ குடிக்க ஒரு கேண்டீனும் கேட்ட தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த உண்மைச் சம்பவத்திலிருந்து எழுந்தது. மேடை கிடையாது, பொருள் கிடையாது. நடிகர்களே கைகாலைக் கோத்து ஒரு இயந்திரமாக நின்று ஓடுவார்கள். திடீரென்று அந்த இயந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கேட்டுத்தான் நாடகம் நகரும். ஹஷ்மி 1989 ஜனவரியில், தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்த இடத்தில் தாக்கப்பட்டு இறந்துபோனது பலருக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்குப் பார்வையாளர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். எங்கள் டெய்லர் நாடகத்தை விட்டுவிட்டு ஒரு பையனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தன பேரும் கையத்தான் ஆட்டறாங்க. அந்தப் பையன் ஒருத்தன்தான் பெடலை மிதிக்கிறான் பாருங்க” என்றார். இயந்திரம் நின்றதும் நடிகர்களுக்கு மூச்சு வாங்கியது. அதை அடக்க ஒருவர் முயன்றார், மற்றவர்கள் அப்படியே விட்டார்கள். செக்கிங் அக்கா என் கையைத் தட்டி, “மிசினுக்கு மூச்சு வாங்குது” என்றார். சைக்கிள் ஸ்டாண்டு பற்றியும் டீ பற்றியும் நடிகர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நாடகம் அவருக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நடிகரின் உடம்பைப் பார்ப்பது என்று நாடகக்காரர்கள் சொல்வது இதைத்தான். இதற்குத் தனிப் படிப்பு வேண்டியதில்லை. உடம்பால் வேலை செய்கிறவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

சில நாடகங்கள் படிக்கும்போதே அரங்கத்தைவிட அதிகமாகக் குத்தும். ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்ட்டர் எழுதி 1988-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறிய ‘மவுண்டன் லாங்குவேஜ்’ அப்படி. இருபது சொச்சம் நிமிஷம், நாலே காட்சி. சிறைக்கு வெளியே, கொட்டும் குளிரில், பெண்கள் நாளெல்லாம் காத்து நிற்கிறார்கள். ஒரு கிழவியின் கையை நாய் கடித்துக் குதறியிருக்கிறது. புகார் சொன்னால் அதிகாரி, கடித்த நாயின் பெயர் என்ன என்று கேட்கிறார். பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நாய் கடிக்கும், அதுதான் முறை என்கிறார். இந்த இடத்தில் எங்கள் மாடியில் எல்லாரும் சிரித்தார்கள். ஏதாவது ஒரு அலுவலகத்தில் சான்றிதழுக்கு அலைந்த ஆள் எவரும் சிரிக்கத்தான் செய்வார். மலைவாசிகள் தங்கள் பாஷையில் பேசத் தடை. கடைசிக் காட்சியில், மகனைப் பார்க்க வந்த கிழவியிடம் இனி உன் பாஷையில் பேசிக்கொள்ளலாம், விதி மாறிவிட்டது என்கிறார்கள். அவள் பேசவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று பிறகு பேசிக்கொண்டோம். ஆளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். பின்ட்டரின் மேடைக் குறிப்புகளில் ‘இடைவெளி’ என்று ஒன்று, ‘மௌனம்’ என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் பாத்திரம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது, பின்னதில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. இது எங்கள் போஸ்ட் மாஸ்டரின் விளக்கம், வேறு எங்கும் தேடாதீர்கள்.

இன்னொரு ஆங்கில நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலின் ‘லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்’ (2012) கிடைத்தால் அதிலிருந்து நாலைந்து துண்டுகளை மட்டும் படித்துப் பாருங்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட குட்டிக் காட்சிகள், பாத்திரப் பெயரே கிடையாது, எந்த வரியை யார் பேசுவது என்றும் அவர் சொல்வதில்லை. ஒரே பக்கத்தை அம்மா–மகளாகவும், பிறகு முதலாளி–ஊழியராகவும் படித்தால் ஒரு மாலை போவதே தெரியாது.

வெளிநாட்டு ஆட்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றும். இந்த ஊர்களுக்கு நாடகம் ஒன்றும் புதுசில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் 1944-ல் நாடகக் கலை மாநாடு கூட்டியது ஈரோட்டில். தமிழ் நவீன நாடகம் கண் விழித்ததும் ஒருவகையில் நம் பக்கத்து அச்சில்தான். கவிஞர் சி.மணி சேலத்திலிருந்து 1968-ல் கொண்டுவந்த ‘நடை’ சிற்றிதழில்தான் ந.முத்துசாமியின் முதல் நாடகம் ‘காலம் காலமாக’ வந்தது. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர், தெருக்கூத்துக் கலைஞர்களோடு சேர்ந்து உழைத்து நவீன நடிகனின் உடம்பையே வேறாக்கிக் காட்டியவர். ‘நடை’ தங்கள் ஊரிலிருந்து வந்ததைச் சேலத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை, அது ஒரு வருத்தம்.

முதலில் படிக்க முத்துசாமியைத் தர மாட்டேன். புரியவேண்டுமே என்ற பதற்றம் வந்துவிடும். பிரபஞ்சனின் ‘முட்டை’, ஜெயந்தனின் ‘கணக்கன்’ இரண்டும் குழுவாகப் படிக்கத் தோதானவை, வசனம் நாக்கில் நிற்கும். பிறகு இந்திரா பார்த்தசாரதியின் ‘பசி’. அதற்கப்புறம் முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’. அதை உட்கார்ந்து படிக்காமல் மாடியில் நடந்துகொண்டே படித்துப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும். பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984 முதல் போட்டுவரும் வகைத் தெருநாடகங்களைப் படிப்பதைவிட நேரில் பார்ப்பது நல்லது. கோவில்பட்டி மணல்மகுடி நாடகக் குழுவின் முருகபூபதியை முதல் நாடகமாகப் போய்ப் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. நாலைந்து குறுநாடகம் பார்த்துக் கண் பழகிய பிறகு போனால் அவர் மேடையில் அடுக்கும் காட்சிகளை விட்டு வர மனசு வராது.

புத்தகம் எங்கே என்று கேட்பார்கள். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கடையில் நாடகம் என்று வாய்திறந்து கேட்க வேண்டும். நாவல்களுக்குக் கீழே, தரையை ஒட்டிய அடுக்கில்தான் இருக்கும், குனிந்தால்தான் தெரியும். வெளி ரங்கராஜன் நடத்திய ‘நாடக வெளி’ என்ற நாடகச் சிற்றிதழின் பழைய இதழ்கள் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மாடியில் நமக்கு நாமே படிப்பது வேறு, டிக்கெட் போட்டு மேடையேற்றுவது வேறு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமான பின்பும் 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். உயிரோடு இருக்கும் தமிழ் நாடகாசிரியருக்கு ஒரு கடிதம் போடுவது சிரமமே இல்லை, பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். பெக்கெட்டின் உரிமையை வைத்திருக்கும் தரப்போ மேடைக் குறிப்பில் கை வைப்பதைக்கூடப் பொறுக்காது.

இனி அரங்கத்துக்குள். கல்யாண மண்டபத்துக்குப் போகிற நேரக்கணக்கில் போகக்கூடாது. முகூர்த்தம் முடிந்து போனாலும் பந்தி இருக்கும், பன்னிரண்டு நிமிஷ நாடகத்துக்கு ஐந்து நிமிஷம் தாமதித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. சின்ன அரங்கில் முதல் வரிசை வேண்டாம். நாலாவது ஐந்தாவது வரிசையில் நடுவாக உட்கார்ந்தால் நடிகரின் முகமும் தெரியும், தரையில் அவர் எங்கே நிற்கிறார் என்பதும் தெரியும். தெருநாடகமென்றால் தரையில், குழந்தைகளோடு. பறைக்காரருக்குப் பின்னால் மட்டும் வேண்டாம், ஒரு வசனம் காதில் விழாது.

விளக்கு வந்ததும் மேடையில் என்ன பொருள் இருக்கிறது என்று பாருங்கள். கால் மணி நேர நாடகத்தில் யாரும் வெட்டியாக ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட மாட்டார்கள். இரண்டு பேருக்கு மூன்று நாற்காலி என்றால், வராத அந்த ஆளும் நாடகத்தில் இருக்கிறார்.

ஒரே மாலையில் ஆறு குறுநாடகம், எட்டுக் குறுநாடகம் என்று அடுக்குகிற விழாக்கள் இப்போது வந்துவிட்டன. சிட்னியில் 2002-ல் தொடங்கிய பத்து நிமிஷ நாடகப் போட்டி விழாவான ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ சென்னை வரைக்கும் வந்தது. அந்த அமைப்பில் எனக்குப் பாதி மனசுதான். பத்து நிமிஷத்துக்குள் கைதட்டு வாங்க வேண்டும் என்ற அவசரத்தில் பல நாடகங்கள் கடைசி வரியில் ஒரு திருப்பத்தை ஒளித்துவைத்து, வேட்டு வெடித்துவிட்டு ஓடிவிடுகின்றன. திருப்பம் தெரிந்த பிறகு இரண்டாம் தடவை பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. நல்ல குறுநாடகமா என்று சோதிக்க நான் வைத்திருக்கிற கேள்வி அதுதான்: முடிவு தெரிந்தும் மறுநாள் வருவேனா? விழாவில் இடைவேளை வரை பார்த்துவிட்டு எழுந்துவிடுவது என் வழக்கம். பார்த்தவை மனசில் தங்க வேண்டுமே. விளக்கு அணைந்து அடுத்தது வரும் இடைவெளியில் செல்போனை எடுக்காமல், துண்டுச்சீட்டில் இரண்டு வரி கிறுக்கிவைத்தால் வீடு வந்த பிறகு ஒன்றோடொன்று குழம்பாது.

ஒரு புலம்பலும் உண்டு. நம் பக்கத்து விழாக்களில் பதினைந்து நிமிஷ நாடகத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பொன்னாடை போர்த்துகிறார்கள். ஒரு ஊரில் நடிகர்கள் வேஷத்தோடு ஓரத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருக்க, மேடையில் வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை என்று வரிசையாக நடந்தது. நாடகம் முடிந்து விளக்கு அணைந்த அந்தக் கணத்திலேயே மைக்கைப் பிடித்து, “ஆக, இந்த நாடகம் நமக்கு உணர்த்துவது என்னவென்றால்” என்று ஒருவர் ஆரம்பித்தார். அமைப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால், பொன்னாடையை நாடகத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், விளக்கவுரையை அடியோடு விட்டுவிடுங்கள்.

மாடியில் எங்களுக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. முடிந்த கையோடு கருத்து சொல்லக் கூடாது, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் மட்டும் சொல்லலாம். “அவ முதுகக் காட்டி உக்காந்துட்டா.” “ரெண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேரச் சொல்லிக் கூப்பிடலீங்க.” இப்படி ஒரு சுற்று வந்த பிறகு கருத்து தானாக வந்து சேரும், வராவிட்டாலும் குடி முழுகாது. ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடியே கண் பழகிய செக்கிங் அக்காதான் இதில் எப்போதும் முதல் ஆள். வங்கிக்காரர் கருத்து சொல்லாமல் இருக்கப் படும் பாடு பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

நாடகம் முடிந்ததும் நடிகர்களைப் போய்ப் பாருங்கள், கோவையில் பெரும்பாலும் வெளியே டீக்கடையில்தான் நிற்பார்கள். “சூப்பருங்க” என்று கைகுலுக்குவதில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு தடவை அக்கா நேராக ஒரு நடிகரிடம் போய், “நீங்க மொதல்ல டம்ளர எடுக்கறப்ப கை நடுங்குச்சு. மறுக்கா எடுக்கறப்ப நடுங்கலீங்க. வேணும்னே செஞ்சீங்களா?” என்று கேட்டார். அந்தப் பையன் பதில் சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டு, “டைரக்டரே, இங்க கொஞ்சம் வாங்க” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். அப்புறம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, அவிநாசி ரோட்டில் ஷேர் ஆட்டோ தேடி அலைந்தோம்.